அயலாக்கம் வேண்டாம், வெளியொப்பந்தம் போதும்

அவுட்சோர்சிங் என்ற சொல்லைக் கண்டதும் 'அயலாக்கம்' என்று எழுதிவிடுகிறார்கள். படித்துப் படித்து அலுத்துவிட்டது.

மூலச்சொல்லின் கதை சிறியது. 'சோர்ஸ்' இலத்தீனில் 'மேலெழு' என்னும் வினையிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. முதலில் நீரூற்றைக் குறித்தது. வணிகத்தில், தேவையானதைத் தேடிப் பெறுவது என்றானது. 'அவுட்' சேர்ந்ததும், தன் நிறுவனத்துக்கு வெளியிலிருந்து பெறுவது. 1980களில் பரவிய வழக்கு.

இனி நம் சொல். தமிழாக்கம் என்றால் தமிழாக மாற்றுவது. அப்படியானால் அயலாக்கம்? அயலாக மாற்றுவது, அயலாருடையதாக ஆக்கிவிடுவது. போதாக்குறைக்கு, அயல்நாடு என்ற வழக்கு நினைவுக்கு வந்து, வேலை கடல் கடந்து போய்விட்டதாகவும் தோன்றுகிறது. இரண்டுமே தவறான பொருள்.

ஆஸ்திரேலியாவைப் பாருங்கள். 1997இல் அந்நாட்டு மத்திய அரசு, தன் துறைகளின் கணினிக் கட்டமைப்புப் பணியைத் தனியாரிடம் தர முடிவெடுத்தது. துறைகளைக் குழுக்களாகக் கட்டி, மையத்திலிருந்தே ஒப்பந்தம் போட்டார்கள். வரித்துறையின் கணினிப் பணி 1999இல் இ.டி.எஸ். என்ற தனியார் கணினிச் சேவை நிறுவனத்திடம் சென்றது. வரித்துறை அயலாருடையதாகிவிட்டதா? இல்லை. மக்களின் வரிக்கணக்கு சிதைந்தால் பதில் சொல்ல வேண்டியவர் வரி ஆணையர்தான். போனது பணி, பொறுப்பு போகவில்லை.

2000இல் தணிக்கை அலுவலகம் குறைகளைச் சுட்டியதும், ஆஸ்திரேலியப் பங்குச் சந்தையின் தலைமைப் பொறுப்பிலிருந்த ரிச்சர்ட் ஹம்ஃப்ரியிடம் மீளாய்வை ஒப்படைத்தார்கள். 2001 ஜனவரியில் வெளியான அவர் அறிக்கை இதே முடிச்சைத்தான் அவிழ்த்தது: ஒப்பந்தத்தில் கையெழுத்திடக் காட்டிய வேகம், பணியைக் கைமாற்றும் காலத்தின் ஆபத்தைக் கவனிப்பதிலும் பிறகு நிர்வகிப்பதிலும் இல்லை, முடிவெடுக்கும் பொறுப்பு அந்தந்தத் துறைத் தலைவரிடம் இருக்க வேண்டும். இதை 'அயலாக்க அறிக்கை' என்று எழுதினால், அறிக்கை எதை வற்புறுத்தியதோ அதையே தலைப்பு மறைத்துவிடும்.

'வெளிமுகமை' என்று அரசு அறிவிப்புகளில் வருகிறது. அது வேலை செய்யும் அமைப்பின் பெயர், செயலின் பெயர் அல்ல. 'குத்தகை' பழகிய சொல்தான். ஆனால் குத்தகைக்காரர் உடைமையாளருக்குப் பணம் கட்டுவார். இங்கே பணம் எதிர்த்திசையில் போகிறது.

வெளியொப்பந்தம் என்பதே என் தேர்வு. இரு தரப்பு, கெடு, விலை எல்லாம் அதில் தெரிகின்றன. கொடுத்தவர் கண்காணிக்க வேண்டும் என்பதும் தெரிகிறது. துப்புரவுப் பணியை ஒப்பந்தத்துக்கு விட்டார்கள் என்று ஊரில் எல்லோரும் சொல்கிறார்கள். காதில் விழும் சொல்லை விட்டுவிட்டு அகராதியில் கூட்டுச்சொல் தேடும் பழக்கம் நம் மொழிபெயர்ப்பாளர்களை விட்டுத் தொலைய வேண்டும்.

ஹம்ஃப்ரி செய்ததையும் 'சுதந்திர மறுபரிசீலனை' என்று எழுதாதீர்கள். மறுபரிசீலனை, முடிவெடுத்தவரே மீண்டும் யோசிப்பது. இது வெளியாள் ஒருவர் செய்தது: சார்பற்ற மீளாய்வு.