அப்ரைசலில் வந்த 3 யாருடையது?

வேலை பார்க்கும் இடத்தில் மேலதிகாரி நம் வேலைக்குப் போடும் மதிப்பெண்தான் அப்ரைசல். அதில் 3 வந்தால் அது உங்கள் திறமையின் அளவா? ஒரு பெட்டியிலிருந்து தொடங்குவோம். அதில் 4,000 மணிகள். 800 சிவப்பு, மீதியெல்லாம் வெள்ளை. 50 குழிகள் உள்ள பலகையைப் பெட்டிக்குள் முக்கி எடுத்தால் குழிக்கு ஒன்றாக 50 மணிகள் ஏறிவரும். வெள்ளை என்றால் நல்ல சரக்கு, சிவப்பு என்றால் கழிவு.

அமெரிக்கப் புள்ளியியலாளர் எட்வர்ட்ஸ் டெமிங் தன் கருத்தரங்குகளில் இதை வைத்து ஒரு சிறு நாடகமே நடத்துவார். வந்திருப்பவர்களில் 6 பேர் தொழிலாளிகள், அவர் போர்மேன். நாளுக்கு ஒருமுறை ஒவ்வொருவரும் பலகையை முக்கி எடுக்க வேண்டும். சிவப்பு குறைவாக வந்தவருக்குப் பாராட்டு, அதிகமாக வந்தவருக்குத் திட்டு. யோசனை சொல்ல யாருக்கும் அனுமதி இல்லை. கடைசியில் 'திறமையான' 3 பேரை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற மூவரையும் வேலையை விட்டு அனுப்பிவிடுவார். மிஞ்சியவர்கள் இரண்டு ஷிப்ட் பார்த்தும் சிவப்பு குறையாது.

எப்படிக் குறையும்? பெட்டியில் ஐந்தில் ஒரு பங்கு சிவப்பு. அதனால் 50-க்குச் சராசரியாக 10 வரும். ஆனால் எல்லாத் தடவையும் சரியாகப் பத்தே வருவதில்லை. 20 முறை எடுத்தால் சுமார் 19 முறை 5 முதல் 15 வரை எங்காவது நிற்கும். ஒருவருக்கு 6, பக்கத்தில் இருப்பவருக்கு 14 என்பதில் திறமைக்கு வேலையே இல்லை.

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. 14 எடுத்தவர் அடுத்த முறை அதைவிடக் குறைவாக எடுக்கத்தான் வாய்ப்பு அதிகம். 6 எடுத்தவருக்கு அடுத்த முறை ஏறத்தான் வாய்ப்பு அதிகம். போர்மேன் கண்ணுக்கு இது எப்படித் தெரியும்? திட்டினேன், திருந்தினான், பாராட்டினேன், தலைக்கனம் ஏறிவிட்டது! இஸ்ரேல் விமானப்படைப் பயிற்றுநர்கள் இதையே அனுபவ உண்மையாக நம்பியதை உளவியலாளர் டேனியல் கானமன் பதிவு செய்திருக்கிறார். உச்சத்துக்குப் போன எதுவும் சராசரியை நோக்கித் திரும்பும் என்பதுதான் அங்கே நடந்தது.

நிஜ வேலை மணி பொறுக்குவது அல்ல, சரி. ஆளுக்கு ஆள் திறமை மாறத்தான் செய்கிறது. ஆனால் ஒருவருக்குப் புது இயந்திரமும் இன்னொருவருக்கு அடிக்கடி நின்றுபோகும் பழைய இயந்திரமும் கொடுத்துவிட்டு, உற்பத்திக் கணக்கைப் பார்த்து ரேட்டிங் போட்டால் அது ஆளின் மதிப்பெண்ணா, இயந்திரத்தின் மதிப்பெண்ணா?

போதாததற்கு, மதிப்பெண் போடுகிறவரின் கண் வேறு இருக்கிறது. 1920-ல் எட்வர்ட் தார்ன்டைக் என்ற உளவியலாளர், ராணுவ அதிகாரிகள் தங்கள் கீழிருப்பவர்களுக்குப் போட்ட மதிப்பெண்களை ஆராய்ந்தார். உடற்கட்டுக்கு நல்ல மதிப்பெண் வாங்கியவர்களே அறிவுக்கும் நடத்தைக்கும் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தார்கள். ஒரு குணம் பிடித்துவிட்டால் மற்றதெல்லாம் நல்லதாகவே தெரியும் இந்த ஒளிவட்ட விளைவு இன்றும் அப்படியேதான் இருக்கிறது. 2000-ல் வெளியான ஓர் ஆய்வில் 4,000-க்கும் மேற்பட்ட மேலாளர்களை அவர்களுடைய மேலதிகாரிகள், சகாக்கள், கீழே வேலை பார்ப்பவர்கள் என எல்லாரும் மதிப்பிட்டார்கள். மதிப்பெண்களில் தெரிந்த ஏற்ற இறக்கத்தில் பாதிக்கு மேல், மதிப்பிட்டவர்களின் தனிப்பட்ட போக்கிலிருந்து வந்தது. சிலர் எல்லாருக்கும் 4 போடுவார்கள், சிலர் கையில் 3-க்கு மேல் வரவே வராது. உங்களுக்கு வந்த 3 உங்களைப் பற்றிச் சொல்வதைவிட உங்கள் மேனேஜரைப் பற்றி அதிகம் சொல்லக்கூடும்.

இதைச் சரிசெய்யத்தான் 'பெல் கர்வ்' வந்தது: இத்தனை பேர் மேலே, இத்தனை பேர் கீழே என்று முன்கூட்டியே பங்கு பிரித்துவிடுவது. எட்டுப் பேர் நன்றாக வேலை செய்யும் குழுவிலும் ஒருவரைக் கடைசியில் நிறுத்தியாக வேண்டும். அப்புறம் பக்கத்து மேசைக்காரருக்கு யார் உதவுவார்கள்? மைக்ரோசாப்ட் 2013-ல் இந்த முறையைக் கைவிட்டது.

குறை நிறைகளை எடுத்துச் சொன்னாலாவது வேலை மேம்படுமா? க்ளூகர், டெனிசி என்ற இரு ஆய்வாளர்கள் 1996-ல் அதுவரை நடந்த ஆய்வுகளைத் திரட்டி 600-க்கும் மேற்பட்ட முடிவுகளை ஒப்பிட்டார்கள். சராசரியாகப் பார்த்தால் பலன் உண்டு. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவற்றில், சொன்ன பிறகு வேலை முன்பைவிட மோசமாகியிருந்தது! கவனம் வேலையிலிருந்து 'நான் எப்படிப்பட்டவன்' என்ற கேள்விக்குத் தாவும்போது இந்தச் சரிவு வருகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். 1960-களில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் நடந்த ஆய்வும் இதை ஒட்டியதுதான்: கண்டனம் கூடக்கூட, அந்த விஷயங்களில் முன்னேற்றம் குறைந்தது. இன்கிரிமென்ட் பேச்சையும் வேலையை மேம்படுத்தும் பேச்சையும் ஒரே நாளில் வைக்காதீர்கள் என்று அந்த ஆய்வாளர்கள் அப்போதே எழுதினார்கள். சம்பளம் எவ்வளவு ஏறும் என்று காத்திருக்கிறவர் காதில் வேறெது ஏறும்?

பலித்த முறையும் ஒன்று உண்டு. 1970-களில் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் மரத்தடி ஏற்றும் லாரி ஓட்டுநர்கள், சட்டம் அனுமதித்த எடையில் 60 சதவீதம் அளவுக்கே ஏற்றி வந்தார்கள். 'முடிந்தவரை ஏற்றுங்கள்' என்று சொல்லிப் பார்த்துப் பயனில்லை. கேரி லேதம் என்ற உளவியலாளரின் யோசனைப்படி 94 சதவீதம் என்ற தெளிவான இலக்கு கொடுக்கப்பட்டது. எட்டினால் பரிசுப் பணம் கிடையாது, எட்டாவிட்டால் தண்டனையும் கிடையாது. முதல் மாதம் 80 சதவீதத்துக்கு ஏறியது. இரண்டாம் மாதம் மறுபடி இறங்கியது. நிர்வாகம் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறதா என்று சோதித்தோம் என ஓட்டுநர்கள் பிற்பாடு சொன்னார்கள். யாரையும் யாரும் தண்டிக்கவில்லை. அடுத்த மாதம் 90 சதவீதத்தைத் தொட்டார்கள். ஏற்றும் எடையைச் சரியாகக் கணிக்க லாரியில் என்னென்ன சிறு மாற்றங்கள் செய்யலாம் என்று அவர்களே யோசனை சொல்லத் தொடங்கியிருந்தார்கள்.