சதை எடுத்துப் பார்க்கக் கூடாத கட்டி

வாசகி ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார். அவருடைய 15 வயது மகனுக்குச் சில மாதங்களாகவே மூக்கின் வலப்பக்கம் அடைத்திருக்கிறது. அதே பக்கத்திலிருந்து வலியே இல்லாமல் அடிக்கடி ரத்தமும் கொட்டுகிறது. "சில்லு மூக்கு உடைந்திருக்கும், உடம்புச் சூடுதான்" என்று உறவினர்கள் சொன்னதைக் கேட்டு இளநீரும் வெந்தயமும் கொடுத்து வந்தவர், கடைசியில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போயிருக்கிறார். ஸ்கேன் படங்களைப் பார்த்த மருத்துவர், இது புற்றுநோய் அல்ல, ஆஞ்சியோஃபைப்ரோமா என்னும் கட்டி என்று சொல்லிவிட்டார். பயாப்சி வேண்டுமா என்று கேட்டதற்கு, கூடவே கூடாது என்றாராம். மற்றக் கட்டிகளுக்கெல்லாம் முதலில் சதையை எடுத்துப் பரிசோதிக்கும்போது, இதற்கு மட்டும் ஏன் கூடாது, அதைச் செய்யாமலே எப்படி உறுதியாகச் சொல்ல முடிகிறது என்பது அந்தத் தாயின் கேள்வி.

தலை, கழுத்துக் கட்டிகள் அனைத்திலும் இது 0.5 சதவீதத்துக்கும் குறைவு. வருபவர்களோ ஏறக்குறைய அனைவரும் 10 முதல் 20 வயது வரையுள்ள ஆண் பிள்ளைகள். மேல்தாடை எலும்புக்குப் பின்னால் ஓர் இடுக்கு இருக்கிறது. அங்கிருந்து மூக்குக்குள் ரத்தக்குழாய் நுழைவதற்கென ஒரு சிறு துளையும் உண்டு. அந்தத் துளையின் ஓரத்தில்தான் கட்டி வேர்விடுகிறது. அங்கிருந்து மூக்கின் பின்பகுதியை நிரப்பி, கன்னத்துக்குள்ளிருக்கும் காற்றறையான மேல்தாடை சைனஸையும் மண்டையோட்டின் அடியிலிருக்கும் ஸ்ஃபீனாய்டு சைனஸையும் நோக்கி வளர்கிறது. உடலின் வேறு பகுதிகளுக்குப் பரவாது என்பதால் இதைத் தீங்கற்ற கட்டி என்கிறோம். ஆனால் கண்குழியையும் மூளையின் அடித்தளத்தையும் நெருக்கக்கூடிய கட்டிக்கு அந்தப் பெயர் முழுதும் பொருந்துவதாக எனக்குத் தோன்றவில்லை.

பயாப்சி ஏன் கூடாது என்பதற்கு விடை, இக்கட்டியின் ரத்தக்குழாய்கள் கட்டப்பட்டிருக்கும் விதத்தில் இருக்கிறது. காய்கறி நறுக்கும்போது விரல் வெட்டுப்பட்டால், ரத்தம் உறைவதற்கு முன்பே உடல் வேறொரு வேலையைச் செய்துவிடுகிறது. சிறு தமனி ஒவ்வொன்றின் சுவரிலும் வளையம் வளையமாகத் தசை உண்டு. வெட்டுப்பட்ட நொடியில் அத்தசை இறுகிக் குழாயின் வாயைச் சுருக்குகிறது. இந்தச் சுருக்கத்தின் பலன் நாம் நினைப்பதைவிடப் பன்மடங்கு பெரிது. ஒரு குழாயின் வழியே பாயும் திரவத்தின் அளவு அதன் ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது என்பது புவசேயின் விதி. ஆரம் பாதியானால் ஓட்டம் பாதியாவதில்லை, 16-இல் ஒரு பங்காகிவிடுகிறது. ரத்தம் மெதுவாகக் கசியும் அந்த இடைவெளியில் தட்டணுக்கள் வந்து ஒட்டிக்கொள்கின்றன, நார் வலை பின்னப்படுகிறது, உறைகட்டி நிலைகொள்கிறது. அதாவது, ரத்தம் உறைவதற்கு வேண்டிய அவகாசத்தை வாங்கித் தருவது அந்தத் தசை வளையம்தான்.

ஆஞ்சியோஃபைப்ரோமாவின் குழாய்கள் பலவற்றில் இந்தத் தசை அறவே இல்லை. இருக்கும் குழாய்களிலும் முழு வளையமாக அமையாமல் திட்டுத்திட்டாகவே இருக்கிறது. உட்புறத்தில் ஒற்றை அடுக்குச் செல்கள், அதற்கு வெளியே நேரடியாகக் கட்டியின் நார்த்திசு, அவ்வளவுதான். சுருங்குவதற்குத் தசை இல்லை. தானாகவே மடிந்து மூடிக்கொள்ளலாம் என்றால், சுற்றியிருக்கும் விறைப்பான நார்த்திசு அதற்கும் விடாமல் குழாயைத் திறந்தபடியே பிடித்து வைத்திருக்கிறது. களிமண்ணில் குடைந்த வாய்க்கால் போன்றது அது, அடைக்க மடை கிடையாது. சிறுவனின் ரத்தத்தில் குறை எதுவும் இல்லை, தட்டணுக்களின் எண்ணிக்கையும் சரியாக இருக்கும்; இருந்தும் ரத்தம் நிற்காது. இத்தகைய கட்டியிலிருந்து புறநோயாளிப் பிரிவு நாற்காலியில் உட்கார வைத்து ஒரு துணுக்கைக் கிள்ளினால் என்ன நடக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. மூக்குச் சதை என்றோ, மூக்கின் பின்புறமிருக்கும் அடினாய்டு சதை என்றோ எண்ணி அறுவை அரங்கில் கை வைத்துவிட்டு, பாதியில் பஞ்சு திணித்து நிறுத்த வேண்டிய நிலை மருத்துவர்களுக்கே ஏற்பட்டதுண்டு. அடினாய்டு பொதுவாக இந்த வயதுக்குள் சுருங்கிவிடும். சாதாரண மூக்குச் சதை இப்படி ரத்தம் கொட்டாது. இந்த இரண்டையும் நினைவில் வைத்திருந்தாலே சந்தேகம் எழுந்துவிடும்.

அப்படியானால் உறுதி எங்கிருந்து வருகிறது? பதின்ம வயதுச் சிறுவன், ஒரு பக்க அடைப்பு, ஒரு பக்க ரத்தம் என்ற சேர்க்கையே பாதி விடை. எண்டோஸ்கோப்பில் பார்த்தால் வழவழப்பான, செந்நீலம் படர்ந்த திரட்சி தெரியும். சி.டி. ஸ்கேனில் மேல்தாடை சைனஸின் பின்சுவர் முன்னோக்கி வளைந்திருக்கும். 1965-இல் இதைச் சுட்டிக்காட்டிய ஹோல்மன், மில்லர் இருவரின் பெயராலேயே இந்த அடையாளம் அறியப்படுகிறது. அரச மரத்தின் வேர் மதில் சுவரைப் பல ஆண்டுகளாகத் தள்ளித் தள்ளிச் சாய்ப்பதைப் போல, மெல்ல வளரும் கட்டி எலும்பை அரிப்பதைவிட வளைப்பதே அதிகம். எம்.ஆர்.ஐ. படத்திலோ கட்டிக்குள் கரும்புள்ளிகள் காணப்படும். வேகமாக ஓடும் ரத்தம், தன் சமிக்ஞை பதிவாவதற்குள் அந்த இடத்தைக் கடந்து போய்விடுவதால் விழும் வெற்றிடங்கள் அவை. இவை அனைத்தும் ஒரே சிறுவனிடம் கூடிவரும்போது வேறொரு கட்டிக்கு அநேகமாக இடமில்லை.

சிகிச்சையும் அதே குறையைச் சுற்றியே அமைகிறது. குழாய் தானாக மூடாது என்பதால் முன்கூட்டியே நாம் மூடிவிட வேண்டும். அறுவைக்கு 24 முதல் 72 மணி நேரத்துக்கு முன், தொடையிலுள்ள தமனி வழியாக கதீட்டர் என்னும் மெல்லிய குழாயை நுழைத்து, கழுத்தின் வெளிக் கரோட்டிட் தமனியைக் கடந்து, கட்டிக்கு ஊட்டம் தரும் மேல்தாடைத் தமனிவரை கொண்டு செல்கிறார்கள். சாயம் செலுத்தியதும் திரையில் கட்டி முழுவதும் கருமேகமாகத் திரள்கிறது. பிறகு அரை மில்லிமீட்டருக்கும் சிறிய பாலிவினைல் ஆல்கஹால் துகள்களை அனுப்பி மறுபடி சாயம் செலுத்தினால், மேகம் இருந்த இடம் வெறுமையாகிவிடுகிறது. துகள் வழிதவறிக் கண்ணுக்குச் செல்லும் தமனியை அடைந்தால் பார்வை போய்விடக்கூடும் என்பதால், இது தேர்ந்த கைகள் செய்ய வேண்டிய வேலை. அதன்பின் பெரும்பாலான கட்டிகளை இன்று எண்டோஸ்கோப் மூலம் மூக்கின் வழியாகவே எடுத்துவிடுகிறார்கள். முன்பு முகத்தில் கீறியோ அண்ணத்தைத் திறந்தோ செய்த அறுவை இது. வேர் பிடித்த எலும்பையும் துளைக்கருவியால் சுரண்டிவிட வேண்டும், எஞ்சிய துணுக்கிலிருந்து கட்டி மீண்டும் வளரும்.

ஆண் பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் என்ற கேள்வி ஹார்மோனை நோக்கிக் கைகாட்டுகிறது. ஆண் ஹார்மோனின் வேலையைத் தடுப்பதற்காகப் புராஸ்டேட் புற்றுநோய்க்குத் தரப்படும் புளூட்டமைடு மாத்திரையை அறுவைக்கு முன் ஆறு வாரம் கொடுத்துப் பார்த்த புது தில்லி எய்ம்ஸ் மருத்துவர்கள், பருவமடைந்த சிறுவர்களில் பெரும்பாலோருக்குக் கட்டி ஓரளவு சுருங்கியதை 2011-இல் வெளியிட்டார்கள். காப்புரிமை முடிந்த பழைய மருந்தை வைத்து அரிய நோய்க்குப் பெரிய ஆய்வு நடத்த எந்த நிறுவனமும் முன்வராது. அரசுப் பணம்தான் வர வேண்டும். புற்றுநோய்களை எண்ண 1981-இல் தேசியப் பதிவேட்டுத் திட்டம் தொடங்கிய நம் நாட்டில், புற்றுநோய் அல்ல என்ற ஒரே காரணத்தால் இந்தச் சிறுவர்கள் எண்ணப்படாமல் இருப்பது எனக்கு மனவருத்தம் தருகிறது.

உடம்புச் சூடு பற்றியும் சொல்ல வேண்டும். சிறுவர்களின் மூக்கில் வரும் ரத்தம் பெரும்பாலும் முன்பகுதியின் நடுச்சுவரிலிருந்து வருவது, அஞ்சத் தேவையில்லை. தலையை அண்ணாந்து வைக்காமல் சற்று முன்னே குனிந்து, மூக்கின் மென்பகுதியைப் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடித்தால் நிற்கும். ஆனால் பதின்ம வயதுப் பையனுக்கு எப்போதும் ஒரே பக்கம் அடைத்து, அதே பக்கம் ரத்தமும் வந்தால், சூடு தணியட்டும் என்று காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் கட்டி கண்ணை நோக்கி வளரக்கூடிய மாதம்.

வாசகி கேட்ட பரிசோதனை நடக்கத்தான் போகிறது, அறுவைக்குப் பிறகு. வெளியே எடுத்த கட்டியை மெல்லிய சீவல்களாக்கிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் வைக்கும்போது, தசையற்ற அந்தக் குழாய்கள் நார்த்திசுவின் நடுவே வாய் திறந்தபடி தெரியும். அந்த அறிக்கை கைக்கு வந்த பிறகும், கட்டி திரும்ப முளைக்கிறதா என்று பார்க்க, சில ஆண்டுகளுக்கு எண்டோஸ்கோப்புக்கும் எம்.ஆர்.ஐ.க்கும் மகனைத் தவறாமல் அழைத்துச் செல்லுங்கள், அம்மா.