மத்தியானத்தில் சிலிர்த்துக்கொண்டிருக்கும் குருவி

"நேற்று வரைக்கும் நல்லாத்தான் இருந்தது டொக்டர்." சப்பாத்துப் பெட்டிக்குள் லவ்பேட்ஸைக் கொண்டுவருகிறவர்கள் சொல்லும் முதல் வசனம் அநேகமாக இதுதான். பெட்டியைத் திறந்தால் நெஞ்செலும்பு கத்தி விளிம்புபோல் துருத்திக்கொண்டு நிற்கும். ஒரே நாளில் வருகிற மெலிவு அல்ல அது.

நாம் லவ்பேட்ஸ் என்று வளர்ப்பது பெரும்பாலும் பட்ஜெரிகர். அவுஸ்திரேலியாவின் வறண்ட நிலங்களில் கூட்டம் கூட்டமாகத் திரியும் சின்னக் கிளி. கூட்டத்தில் சோர்ந்து நிற்பதைத்தான் வல்லூறு முதலில் தூக்கும். அதனால் வருத்தத்தை மறைப்பது அதன் பிறவிக்குணம். உங்கள் விறாந்தையில் வல்லூறு இல்லை என்பது அதற்கு எப்படித் தெரியும்?

சித்திரை வெயிலில் சுகமாக இருக்கும் குருவி இறகை உடம்போடு ஒட்டி, செட்டையைச் சற்று விலக்கி, சொண்டைத் திறந்து மூச்சு வாங்கும். அது வெக்கை. நிழலுக்கு மாற்றி, குளிக்க ஒரு தட்டில் தண்ணீர் வைத்தால் சரியாகும். அதே நேரத்தில் இறகைச் சிலிர்த்து, பந்துபோல் ஒடுங்கியிருந்தால்? "குளிருதாக்கும்" என்றார் ஓர் அம்மா. யாழ்ப்பாணத்தில், மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு! காய்ச்சல்காரர் போர்வையைத் தேடுவது போலத்தான் அது. மூச்சுக்கு மூச்சு வாலும் ஏறி இறங்கினால் அன்றைக்கே காட்டுங்கள்.

வீணாகப் பயப்படுகிறவர்களும் உண்டு. ஆண் குருவி கண்ணாடியில் தெரியும் உருவத்துக்குத் தீனியைக் கக்கி ஊட்டப் பார்க்கும், அது காதல். தலையை உதறி உதறிக் கக்கி, முகத்து இறகெல்லாம் பிசுபிசுத்தால்தான் வருத்தம்.

கேக் செய்ய வாங்கிய டிஜிட்டல் தராசு வீட்டில் இருக்கிறதா? கிழமைக்கு ஒருதரம் நிறுத்து எழுதிவையுங்கள். வளர்ந்த குருவி 30 முதல் 40 கிராம் வரை வரும். அதில் 4 கிராம் குறைவது 60 கிலோ மனிதருக்கு ஆறு முதல் எட்டுக் கிலோ வரை இறங்குவதற்குச் சமம். இறகு மறைப்பதைத் தராசு காட்டிவிடும்.

தினையை மட்டும் போட்டு வளர்த்தால் விற்றமின் ஏ குறையும். வளவு முருங்கையின் இலையும் துருவிய கரட்டும் போதும். அவகாடோ, சொக்லேட் இரண்டும் நஞ்சு. கூடு குசினியில் வேண்டவே வேண்டாம்: நொன்ஸ்டிக் தாச்சி அளவுக்கு மீறிச் சூடானால் வரும் ஆவியில் நிமிடக் கணக்கில் செத்துவிடும். நுளம்புத்திரிப் புகையும் ஆகாது.

வருத்தமான குருவியின் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். பெட்டியில் வைத்து, ஒரு பக்கம் மட்டும் இளஞ்சூடு படும்படி கொண்டுவாருங்கள். கூட்டின் அடியில் விரித்த பேப்பரையும் எடுத்து வாருங்கள். டொக்டரிடம் போகிறோமே என்று பலர் கூட்டைக் கழுவித் துடைத்து, மினுக்கிக்கொண்டு வருவார்கள். நான் முதலில் பார்க்க விரும்புவது அந்த எச்சத்தைத்தான்.