படகு மோட்டாரின் தலை எந்தப் பக்கம்?

கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரை ஊர்களில், கடல் கொந்தளிக்கும் நாட்களில் வள்ளங்களை மணல்மேட்டுக்கு ஏற்றிவிடுவார்கள். ஏற்றிய கையோடு பின்புறத்தில் பூட்டியிருக்கும் மோட்டாரைக் கழற்றி, தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடப்பார்கள். அரசின் மானிய அறிவிப்புகளில் ‘வெளிப்பொருத்தும் இயந்திரம்’ என்று வருவது இதுதான். 25 குதிரைத்திறன் கொண்ட டூ ஸ்ட்ரோக் மோட்டார் ஏறத்தாழ 50 கிலோ இருக்கும். இவ்வளவு பாடுபட்டுச் சுமந்து வந்த பொருளை வீட்டில் எந்த மூலையில் இடம் இருக்கிறதோ அங்கே கிடத்திவிடுவது வழக்கம். மோட்டாரின் ஆயுள் குறைவது பல நேரங்களில் கடலில் அல்ல, அந்த மூலையில்தான்.

ஏன் என்று புரிய, அதன் உடலமைப்பைப் பார்க்க வேண்டும். 1909இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் ஓலே எவின்ரூட் விற்கத் தொடங்கிய மோட்டாருக்கும் இன்றைய மோட்டாருக்கும் அடிப்படை அமைப்பு ஒன்றுதான். தலையில் எஞ்சின். அதிலிருந்து செங்குத்தாக இறங்கும் நீண்ட தண்டு. அடியில் கியர் பெட்டியும் படகைத் தள்ளும் விசிறியும். இந்த உருவம் நிமிர்ந்து நின்று வேலை செய்வதற்காகவே அமைந்தது. உள்ளே இருக்கும் கடல்நீர், எண்ணெய், பெட்ரோல் எல்லாமே மோட்டார் நிமிர்ந்து நிற்கிறது என்ற நம்பிக்கையில்தான் தத்தம் இடத்தில் இருக்கின்றன. அதைச் சாய்த்தால் அவை ஈர்ப்பு விசை காட்டும் வழியில் ஓடும். ஆகவே மோட்டாரை எப்படி வைப்பது என்ற கேள்வி, உள்ளிருக்கும் திரவம் எங்கே ஓடும் என்ற கேள்விதான்.

முதலில் நீர். காரில் இருப்பது போன்ற ரேடியேட்டர் இதற்குக் கிடையாது, கடலே ரேடியேட்டர். கியர் பெட்டிக்கு மேலே, ரப்பர் இதழ்கள் கொண்ட சிறு பம்பு ஒன்று தண்டோடு சேர்ந்து சுழன்று கடல்நீரை இழுத்து மேலே தள்ளும். அந்த நீர் சிலிண்டரைச் சுற்றி ஓடி வெப்பத்தை வாங்கிக்கொண்டு, எஞ்சின் கக்கும் புகையோடு கலந்து, தண்டைச் சூழ்ந்திருக்கும் கால்பகுதியின் உள்ளே கீழே விழும். அதாவது மோட்டாரின் நடுப்பகுதி ஒரு தலைகீழ்ப் புகைக்கூண்டு. புகையும் நீரும் ஒரே வழியாக இறங்கி, விசிறியின் நடுக்குடம் வழியாகவோ அதன் அருகிலோ வெளியேறுகின்றன.

இப்போது அந்தக் கால்பகுதியைத் திண்ணை விளிம்பில் தூக்கி வைத்து, தலையைத் தரையில் சாய்த்தால் என்ன ஆகும்? இறங்க வேண்டிய மிச்ச நீர் அதே புகைவழியில் சிலிண்டரை நோக்கித் திரும்பும். டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் புகை வெளியேறும் துளைக்கு வால்வு கிடையாது. பிஸ்டன்தான் அதன் கதவு. பிஸ்டன் கதவைத் திறந்த நிலையில் நின்றிருந்தால் உப்புநீர் நேரே உள்ளே போய்விடும். இரும்பால் ஆன பிஸ்டன் வளையங்களும் பேரிங்குகளும் துருப்பிடிக்கச் சில நாட்கள் போதும். இதனால் மோட்டார் எந்த நிலையில் இருந்தாலும், தோளில் வரும்போதுகூட, தலை காலைவிட உயரமாக இருக்க வேண்டும்.

குளிர்நாடுகளில் இந்த மிச்ச நீரைப் பற்றிய அச்சம் வேறு. நீர் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு விரியும். அந்த விரிவு அலுமினிய வார்ப்பையே பிளந்துவிடும். நம் கரையில் உறைபனி இல்லை, உப்பு இருக்கிறது. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு. நீர் ஆவியான பிறகு குழாய்களுக்குள் படியும் அந்த உப்பில் மக்னீசியம் குளோரைடும் உண்டு. அது காற்றின் ஈரத்தை உறிஞ்சி மீண்டும் மீண்டும் கசியும். அலுமினியத்தைக் காக்கும் மெல்லிய ஆக்சைடு படலத்தைக் குளோரைடு துளைத்துச் சிறு குழிகளை அரித்துக்கொண்டே இருக்கும். வீட்டுக்குள் காய்ந்து கிடப்பதாக நாம் நினைக்கும் மோட்டார் உண்மையில் காய்வதில்லை.

எனவே வைப்பதற்கு முன் நல்ல தண்ணீர் நிரம்பிய பீப்பாயில் காலை இறக்கி, சிறிது நேரம் மெதுவாக ஓட்ட வேண்டும். பிறகு நிமிர்த்தி நிறுத்தி, நீர் முழுவதும் வடியவிட வேண்டும். எஞ்சின் பற்றாதபடி நிறுத்து சாவியை எடுத்துவிட்டுக் கயிற்றை மூன்று நான்கு முறை மெதுவாக இழுத்தால் பம்பில் தங்கியிருக்கும் நீரும் வெளியேறும்.

அடுத்தது எண்ணெய். டூ ஸ்ட்ரோக்கில் எண்ணெய் எரிபொருளோடு கலந்தே வந்து எரிந்துவிடுவதால், எஞ்சினுக்குள் எண்ணெய்த் தொட்டி கிடையாது. நீரையும் எரிபொருளையும் வடித்துவிட்டால், தலையைச் சற்று உயர்த்தி எந்தப் பக்கமும் கிடத்தலாம். ஃபோர் ஸ்ட்ரோக் மோட்டார் அப்படியல்ல. அதன் எஞ்சினுக்கு அடியில் எண்ணெய் தேங்கி நிற்கிறது. தவறான பக்கம் சாய்த்தால் அந்த எண்ணெய் பிஸ்டன் வளையங்களைத் தாண்டிச் சிலிண்டருக்குள் இறங்கும். மூச்சுக்குழாய் வழியாகக் கார்புரேட்டருக்கும் போகும். காற்றை அமுக்குவதுபோல எண்ணெயை அமுக்க முடியாது. எண்ணெய் நிறைந்த சிலிண்டரில் பிஸ்டன் மேலேறும்போது சுவரில் முட்டியதுபோல நின்றுவிடும். கயிறு பாதியில் இறுகினால் அதுதான் அறிகுறி. அங்கே முரட்டுத்தனம் கூடாது. பேட்டரியால் கிளப்பும் மோட்டாரில் பிஸ்டனைத் தாங்கும் தண்டே வளையக்கூடும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி எண்ணெயை வெளியேற்றிய பிறகே சுழற்ற வேண்டும். எந்தப் பக்கம் கிடத்தலாம் என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். கையேட்டில் படம் இருக்கும். பல சிறிய மோட்டார்களில் தரையில் படவேண்டிய பக்கத்தில் ரப்பர் குமிழ்களே இருக்கும். பக்கத்து வீட்டு மோட்டாரைப் பார்த்து நம்முடையதைச் சாய்க்கக் கூடாது.

சாய்க்காமலே இருப்பது எல்லாவற்றிலும் நல்லது. கனமான பலகையை இரண்டு கால்களில் குறுக்காக அறைந்து, வள்ளத்தில் பூட்டுவதுபோலவே அதில் மோட்டாரைப் பூட்டிவிடலாம். எடையின் பெரும்பகுதி தலையில் இருப்பதால் தாங்கியின் அடிப்பாகம் அகலமாக இருக்க வேண்டும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் சுவரோடு ஒரு கயிறும் கட்டிவிடுங்கள். விசிறி தரையைத் தொடக் கூடாது. அடியில் இருக்கும் மெல்லிய துடுப்பு போன்ற தகட்டை ஊன்றிச் சுவரில் சாய்த்து வைப்பவர்கள் உண்டு. அந்தத் தகடு பாறையிலிருந்து விசிறியைக் காக்கவே இருக்கிறது, 50 கிலோவை மாதக்கணக்கில் சுமப்பதற்கு அல்ல.

பெட்ரோல் விஷயத்தில் எனக்குச் சமரசமே கிடையாது. அதன் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே பறந்து போகாமல் தரையோடு தரையாகப் படர்ந்து அடுப்பைத் தேடிப் போகும். தொட்டியை வீட்டுக்குள் கொண்டுவரவே வேண்டாம். குழாயைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டரில் இருப்பது தீரும்வரை பீப்பாயிலேயே ஓட்டிவிட வேண்டும். தேங்கிய பெட்ரோல் ஆவியாகிப் பிசினாகி, ஊசிமுனை அளவுத் துளைகளை அடைத்துவிடும். மண்ணெண்ணெயில் ஓடும் மோட்டாரை, நிறுத்தும் முன் பெட்ரோலுக்கு மாற்றி ஓட்டுவதும் கார்புரேட்டரில் மண்ணெண்ணெய் தங்காமல் இருக்கத்தான்.

மூடுவதற்குப் பழைய பருத்தி வேட்டி போதும். பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளேயே பூட்டிவிடும்.

நிமிர்த்தி வைப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. கியர் எண்ணெயைவிட நீர் கனமானது. பல நாள் அசையாமல் நின்ற மோட்டாரின் கியர் பெட்டியில், அடித்திருகைச் சற்றே தளர்த்தினால் முதலில் வருவது எண்ணெயா நீரா என்று பாருங்கள். நீர் வந்தாலோ, எண்ணெய் பால்போல வெளுத்திருந்தாலோ, அடைப்பு வளையம் தேய்ந்துவிட்டது என்று பொருள். கடலுக்குப் போகும் முன்பே அதை மாற்றிவிடலாம்.

அப்படியே நீர் இழுக்கும் துளைகளையும் ஒரு மெல்லிய கம்பியால் குத்திப் பாருங்கள். குளவிக்கு மண்கூடு கட்ட அதைவிட வசதியான இடம் கிடையாது. பிறகு காலைப் பீப்பாய் நீரில் இறக்கிக் கிளப்புங்கள். சற்று நேரத்தில் எஞ்சினின் பக்கத்துத் துளையிலிருந்து நீர் பீய்ச்சி அடிக்க வேண்டும். அடிக்கவில்லை என்றால் உடனே நிறுத்திவிடுங்கள்.