வலுவிழந்த புயல்

‘புயல் கரையைக் கடந்து வலுவிழந்தது’ என்று செய்தி வாசித்ததும் சேலத்துக்காரர்கள் குடையை மடித்து மூலையில் வைத்துவிடுவோம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறி, மறுநாள் ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாகச் சுருங்கியது. கூத்து அதற்குப் பிறகுதான் தொடங்கியது. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை, ஏற்காடு மலைப்பாதையில் மண்சரிவு, திருமணிமுத்தாற்றில் வெள்ளம்.

வானிலைக்காரர்கள் சொல்லும் ‘வலு’ காற்றின் வேகம் மட்டுமே. அந்த அளவுகோலில் மழைக்கு இடமே இல்லை.

கரீபியக் கடலில் இருக்கும் டொமினிக்காவுக்கு இது நன்றாகத் தெரியும். (டொமினிக்கன் குடியரசு வேறு நாடு.) பரப்பு 750 சதுர கிலோமீட்டர், உச்சிச் சிகரம் 1,447 மீட்டர். சேர்வராயன் மலையைப் பெயர்த்துக் கடலில் வைத்தது போன்ற தீவு. 2015 ஆகஸ்ட் 27 அன்று எரிகா அங்கே வந்தது. சூறாவளி என்ற தகுதியைக்கூட எட்டாத வெப்பமண்டலப் புயல் அது. ஆனால் 12 மணி நேரத்துக்குள் 30 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிவிட்டது. நாட்டின் ஓராண்டு மொத்த உற்பத்தியில் 90 சதவீதத்துக்குச் சமமான சேதம். பெட்டிட் சவான் என்ற கிராமத்தை மொத்தமாகக் காலி செய்து, மக்களை வேறிடத்தில் குடியமர்த்தினார்கள். இரண்டாண்டு கழித்து வந்த மரியா, காற்று வேகத்தில் உச்சமான ஐந்தாம் வகைச் சூறாவளி. அது அழித்ததில் வியப்பில்லை. என்னை யோசிக்க வைப்பது எரிகாதான்.

இதில் மலையின் பங்கு பெரிது. ஏற்காட்டு அடிவாரத்தில் வியர்வையோடு பஸ் ஏறியவர், 20 கொண்டை ஊசி வளைவுகள் முடிவதற்குள் ஸ்வெட்டர் தேடுகிறார் அல்லவா? மேலே அழுத்தம் குறைவு. அதனால் ஏறும் காற்று விரிகிறது, விரிவதால் குளிர்கிறது. ஈரக்காற்று ஆயிரம் மீட்டர் ஏறினால் ஐந்தாறு டிகிரி இறங்கும். 30 டிகிரியில் ஒரு கனமீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும்; 20 டிகிரியில் 17 கிராம்தான். மிச்சம் மழையாகத்தான் விழவேண்டும். கடலிலிருந்து வரும் ஈரக்காற்றை மலை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். புயலும் மெதுவாக நகர்ந்தால் பிழிதல் ஓயாது.

விழுந்த நீர் தங்குவதும் இல்லை. 30 சென்டிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 30 கோடி லிட்டர். தீவின் ஆறுகள் குட்டையானவை, செங்குத்தானவை. உச்சியில் பெய்தது சீக்கிரமே கடலோர ஊருக்குள் நிற்கும். வீடு கட்டச் சமதளமே ஆற்றுமுகத்தில்தான் என்பதால் ஊர்களும் அங்கேதான்.

மண்சரிவுக்கு வருவோம். நனைந்த மண் கனத்துச் சரிகிறது என்பது பாதி உண்மை. அரிசிமாவில் அளவாகத் தண்ணீர் தெளித்தால் கொழுக்கட்டை பிடிக்கலாம். கூடிவிட்டால் விரலிடுக்கில் வழியும். மண்ணும் அப்படித்தான். துகளும் துகளும் உரசிப் பிடித்துக்கொண்டிருப்பதால்தான் சரிவு நிற்கிறது. இடைவெளிகள் முழுக்க நீர் நிறைந்ததும், அந்த நீரின் அழுத்தம் துகள்களை ஒன்றிலிருந்து ஒன்று விலக்குகிறது, பிடி விடுகிறது. கீழே பாறை நீரை உறிஞ்சாது என்பதால், மண்ணும் பாறையும் சேரும் இடமே வழுக்குத்தளமாகிறது. சாலைக்காகச் சரிவின் அடிப்பகுதியை வெட்டிய இடங்களில் தாங்கவும் ஆளில்லை.

மலைப்பாதைத் தடுப்புச்சுவர்களில் வரிசையாகத் துளைகள் இருக்கும். கட்டியவர் அடைக்க மறந்தவை என்று நெடுநாள் நினைத்திருந்தேன். சுவருக்குப் பின்னே தேங்கும் நீரின் அழுத்தத்தை இறக்கும் வழி அவை. பெருமழையில் தெளிந்த நீர் கொட்டினால் சுவர் தன் வேலையைச் செய்கிறது. கலங்கலாக வந்தால் உள்ளே மண்ணும் கரைந்து வருகிறது. அடைமழையிலும் துளைகள் காய்ந்து கிடந்தால், அந்த வளைவில் வண்டியை நிறுத்திச் சோளக்கதிர் தின்னாதீர்கள்.