ஷார்ப்பனிங்: கூர்மையூட்டல்

பழவேற்காட்டு ஏரியில் பூநாரை இறங்கும் பருவத்தில் தமிழ்நாட்டுக் கரையிலும் ஆந்திரக் கரையிலும் கேமராக்காரர்களைப் பார்க்கலாம். படம் திருத்த உட்கார்ந்தால் முதலில் ‘ஷார்ப் பண்ணு’ என்பார்கள், அடுத்து ‘கிளாரிட்டி ஏத்து’ என்பார்கள். இரண்டும் வேறு வேறு வேலை. தமிழிலும் தனித்தனிச் சொல் வேண்டும்.

பழைய ஆங்கிலத்திலேயே ஷார்ப் என்றால் வெட்டும் விளிம்புடையது. நம்மிடம் அதற்குக் கூர் இருக்கிறது. கத்திக்கும் கூர், அறிவுக்கும் கூர். ‘அரம்போலும் கூர்மைய ரேனும்’ என்கிறது குறள் 997. ‘கூர்ந்து பார்’ என்று கண்ணுக்கும் சொல்கிறோம். எனவே படத்தின் கூர்மை என்பது வலிந்து படைத்த சொல் அல்ல. ஆனால் ‘கூர்மையாக்கல்’ என்பதைவிடக் ‘கூர்மையூட்டல்’ சரி என்பேன். கேமரா பதியாத இறகிழையை இந்தக் கருவி வரைந்து தருவதில்லை. விளிம்பின் இருண்ட பக்கத்தை இன்னும் சற்று இருட்டாக்கி, வெளிர் பக்கத்தை இன்னும் வெளிறச் செய்கிறது, அவ்வளவே. கூர்மை வெளியிலிருந்து ஊட்டப்படுகிறது.

இதன் மூத்த வடிவம் ‘அன்ஷார்ப் மாஸ்க்’. கூர்மை கூட்டும் கருவிக்கு ஏன் இப்படி ஒரு பெயர்? இருட்டறைக் காலத்தில் ஒளியும் இருளும் தலைகீழாகப் பதிந்த நெகட்டிவிலிருந்து வேண்டுமென்றே மங்கலான ஒரு பாசிட்டிவ் (நேர்ப்படம்) எடுத்து, இரண்டையும் சேர்த்து வைத்து அச்சிடுவார்கள். பெரிய ஒளி வேறுபாடுகளை மங்கல் படம் அடக்கிவிடும், நுண்ணிய விளிம்புகள் அடங்காமல் எழுந்து நிற்கும். கணினி செய்வதும் இதே கணக்கு: மூலப்படத்திலிருந்து அதன் மங்கல் நகலைக் கழித்து, மிஞ்சும் விளிம்புகளைப் பெருக்கி மூலத்தோடு கூட்டுகிறது. ‘மங்கல் மறைப்பு’ என்றால் பொருள் கெடாது.

அதில் அமவுண்ட், ரேடியஸ், திரெஷோல்டு என்று மூன்று அளவுகள். அளவு, ஆரம், வரம்பு எனலாம். எவ்வளவு ஊட்டுவது என்பது அளவு, விளிம்பைச் சுற்றி எத்தனை தூரம் என்பது ஆரம், எவ்வளவு வேறுபாடு இருந்தால் விளிம்பாகக் கொள்வது என்பது வரம்பு. இறகுக்கு 1 பிக்சலை ஒட்டிய ஆரமே போதும். மிகுந்தால் பறவையின் கழுத்தைச் சுற்றி வெள்ளைக்கோடு ஓடும். வெறும் வானத்தில் புள்ளி புள்ளியாக எழுந்தால் வரம்பை உயர்த்த வேண்டும்.

கிளாரிட்டி அகன்ற ஆரத்தில், பெரும்பாலும் இடைநிலை ஒளிப்பகுதிகளில் வேறுபாட்டைக் கூட்டுவது. ‘தெளிவு’ இதற்கு மிகப் பொதுவான சொல். பாத்திரம் துலக்குகிறோமே, அந்தத் ‘துலக்கம்’ பொருந்துகிறது. படம் திருத்தும் மென்பொருளான லைட்ரூமில் 2019இல் வந்த டெக்ஸ்சர், கூர்மையூட்டலுக்கும் துலக்கத்துக்கும் நடுவே நிற்பது. அதை ‘இழைநயம்’ என்று எழுதிவருகிறேன்.

ஜேபெக் படத்துக்குக் கேமராவே ஓரளவு கூர்மையூட்டித்தான் தருகிறது. அதன்மேல் மீண்டும் ஊட்டும்போது கை அடக்கமாக இருக்கட்டும்.