ஏரியோர மனையும் வீடும்: சட்டம் எந்தக் கோட்டிலிருந்து அளக்கிறது?

சித்திரை, வைகாசி மாதங்களில் ஏரியோர மனையைப் பார்க்கச் செல்பவரின் கண்ணுக்குப் பெரும்பாலும் ஏரி தெரிவதில்லை. வெடித்த களிமண்ணும் வேலிக்கருவையும், தொலைவில் கரையை ஒட்டித் தேங்கிய கொஞ்சம் நீரும்தான் தெரியும். மனையின் மூலைக்கல் அந்த நீரிலிருந்து கால் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்று விற்பவர் சொல்வது பொய்யாகவும் இருக்காது. ஆனால் பக்கத்தில் நிற்கும் பனையின் அடிமரத்தைக் குனிந்து பார்த்தால், முழங்கால் உயரத்தில் அதன் நிறம் ஒரே கோடாக மாறியிருப்பதைக் காணலாம். ஏரி நிரம்பிய ஆண்டில் நீர் வந்து நின்ற மட்டம் அது. ஏரியோரக் கட்டுமானத்தைப் பற்றிய சட்டங்களும் விதிகளும் கடைசியில் வந்து நிற்கும் இடம் அந்தக் கோடுதான்: ஏரியின் எல்லை எது, எந்த ஆண்டின் நீரை வைத்து அதை அளப்பது?

தமிழ்நாட்டு ஏரிகள் கிண்ணம்போல் நான்கு பக்கமும் கரை உள்ளவை அல்ல. சாய்வான நிலத்தின் தாழ்ந்த பக்கத்தில் மட்டும் கரை போட்டு, மேலிருந்து வரும் மழைநீரைத் தேக்கி வைத்தவை. கரைப்பக்கம் ஆழமாக இருக்கும். எதிர்ப்பக்கமான உள்வாயில் நீர் மெல்லிய தகடுபோலப் பரவி நிற்கும். அங்கு நிலம் 200 அடிக்கு ஓர் அடி வீதம் சாய்ந்திருந்தால், ஏரியில் ஓர் அடி நீர் கூடும்போது அதன் விளிம்பு 200 அடி நகர்ந்து வரும். மனைப்பிரிவுகள் அதிகம் முளைக்கும் இடமும் இந்த உள்வாய்தான். ஏரியின் உயிர் அதிகம் தங்கும் இடமும் இதுதான். கோரையும் சம்பும் வளர்வது இந்த ஆழமற்ற விளிம்பில். மீன் குஞ்சுகள் ஒதுங்குவதும், கொக்கும் நாரையும் இரை தேடுவதும் இங்கேதான். மேட்டிலிருந்து வரும் வண்டலை ஏரிக்குள் போகவிடாமல் பிடித்து வைப்பதும் இந்தப் புல்லும் புதரும்தான். இங்கே மண் கொட்டி மேடாக்கினால் ஏரி இழப்பது சில சென்ட் நிலத்தை மட்டுமல்ல, அந்த இடத்தில் நின்றிருக்க வேண்டிய நீரையும் சேர்த்துத்தான். அந்த நீர் அடுத்த மழையில் பக்கத்து வீட்டுக்குள் நிற்கும்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது மத்திய அரசு 2017 செப்டம்பர் 26 அன்று அறிவிக்கை செய்த ஈரநிலங்கள் (பாதுகாப்பு மற்றும் மேலாண்மை) விதிகளை. 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பிறப்பிக்கப்பட்ட இவ்விதிகள், 2010இல் வந்த பழைய விதிகளுக்கு மாற்றானவை. ராம்சார் உடன்படிக்கையின் கீழ் பன்னாட்டு முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்களுக்கும், மத்திய அரசோ மாநில அரசோ தனியே அறிவிக்கை செய்யும் ஈரநிலங்களுக்கும் இவை பொருந்தும். பள்ளிக்கரணை, வேடந்தாங்கல், கரிக்கிலி, கூந்தன்குளம், வடுவூர், கரைவெட்டி போன்றவை தமிழ்நாட்டின் ராம்சார் தலங்கள்.

இவ்விதிகளின் நான்காம் விதி, ஈரநிலத்தில் செய்யக் கூடாதவற்றைச் சொல்கிறது. ஈரநிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றுவதும் ஆக்கிரமிப்பதும், புதிதாகத் தொழிற்சாலை அமைப்பதும் இருப்பதை விரிவாக்குவதும், குப்பையையும் கட்டட இடிபாடுகளையும் கொட்டுவதும், ஊர்களிலிருந்தும் ஆலைகளிலிருந்தும் சுத்திகரிக்காத கழிவுநீரை விடுவதும் தடை செய்யப்பட்டவை. வீடு கட்ட நினைப்பவருக்கு நேரடியாகப் பொருந்தும் தடை இன்னொன்று: விதிகள் நடைமுறைக்கு வந்த நாளிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்ட பத்தாண்டுகளில் காணப்பட்ட சராசரி உயர் வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள், படகுத்துறை நீங்கலாக, நிரந்தரக் கட்டுமானம் எதையும் எழுப்பக் கூடாது. கோடையில் நீர் நிற்கும் இடத்திலிருந்தோ, வேலி போட்டிருக்கும் இடத்திலிருந்தோ இந்த 50 மீட்டர் அளக்கப்படுவதில்லை. வெள்ளம் வந்து நின்ற மட்டத்தைக் கண்டறிந்து, அதை நிலத்தின்மேல் கோடாக இழுத்து, அங்கிருந்து அளக்க வேண்டும்.

இந்த 50 மீட்டர் எல்லா ஏரிகளுக்கும் உண்டு என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது சரியல்ல. 2017 விதிகளின் வரையறையே ஆற்றுப் படுகைகளையும், நெல் வயல்களையும், குடிநீருக்கென்றே கட்டப்பட்ட நீர்நிலைகளையும், பாசனம், மீன் வளர்ப்பு, உப்பு உற்பத்தி, பொழுதுபோக்கு ஆகியவற்றுக்கென்று கட்டப்பட்ட அமைப்புகளையும் ஈரநிலம் என்பதிலிருந்து விலக்கி வைக்கிறது. தமிழ்நாட்டில் உள்ள சுமார் 39,000 ஏரிகளில் மிகப் பெரும்பாலானவை பாசனத்துக்காக வெட்டப்பட்டவை. நூற்றாண்டுகளாக நீர் நின்று, பறவை வந்து, கோரை வளர்ந்து, இயற்கை ஏரியிலிருந்து பிரித்தறிய முடியாத நிலையை அடைந்துவிட்ட இந்த ஏரிகளை மனிதர் வெட்டியவை என்ற ஒரே காரணத்தால் வெளியே நிறுத்தியது இவ்விதிகளின் பெரிய குறை என்றே கருதுகிறேன். பரப்பு 2.25 ஹெக்டேருக்கு மேற்பட்ட 2,01,503 ஈரநிலங்களை 2010 விதிகளின் நான்காம் விதியில் உள்ள கோட்பாடுகளின்படி பாதுகாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2017 பிப்ரவரியில் பிறப்பித்த உத்தரவு இந்தக் குறையை ஓரளவு ஈடு செய்யக்கூடியது. ஆனாலும் களத்தில் எல்லைக்கல் நடப்படாத வரை, ஓர் ஏரியோர மனைக்காரருக்கு அந்த உத்தரவு தானாகப் பதில் சொல்லிவிடாது.

அப்படியானால் பாசன ஏரிகளைக் காப்பது எது? 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது ஏரி நீர் பாயும் வயல் பரப்பு, உள்ள ஏரிகள் ஏறத்தாழ 14,000 நீர்வளத் துறையிடம் உள்ளன. முன்பு இவை பொதுப்பணித் துறையின் பொறுப்பில் இருந்தன. இவற்றுக்காகவே தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றுதல் சட்டம் 2007இல் இயற்றப்பட்டது. ஏரியை அளந்து, எல்லையைக் காட்டும் வரைபடமும் பதிவேடும் தயாரித்து, எல்லைக்குள் இருக்கும் ஆக்கிரமிப்புகளை அறிவிப்பு கொடுத்து அகற்ற இச்சட்டம் வழி செய்கிறது. ஆக்கிரமிப்பாளர் என்று சொல்லப்படுபவரின் தரப்பைக் கேட்காமல் அகற்றக் கூடாது என்பதைச் சென்னை உயர் நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருக்கிறது. ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பில் உள்ள சிறு ஏரிகள், குளங்கள், குட்டைகள், ஓடைகள் ஆகியவற்றுக்கு 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம் இன்றும் முதன்மையான கருவியாக இருக்கிறது.

இச்சட்டங்கள் அரசுப் புறம்போக்கைக் காப்பவை. புறம்போக்குக் கோட்டுக்கு வெளியே, முறையான பட்டா நிலத்தில், நீரின் விளிம்பிலிருந்து இத்தனை அடி தள்ளித்தான் கட்ட வேண்டும் என்று இவை சொல்வதில்லை. அந்த இடத்தில் கட்டட அனுமதிதான் காவல். ஏரிக்கு அருகே மனைப்பிரிவு போடவோ பெரிய கட்டடம் எழுப்பவோ விண்ணப்பிக்கும்போது, நிலம் வெள்ளத்தில் மூழ்குமா, எவ்வளவு உயர்த்த வேண்டும், வரத்து வாய்க்காலுக்கு எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதை ஆராய்ந்து நீர்வளத் துறை தரும் தடையின்மைச் சான்றைத் திட்ட அனுமதி வழங்கும் அமைப்பு கேட்கும். கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டரோ அதற்கு மேலோ இருந்தால், 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி முன் அனுமதியும் வேண்டும்.

தென்னிந்தியாவின் வேறு மாநிலத் தலைநகரங்கள் இதைத் தூரக் கணக்காகவே எழுதி வைத்தன. ஐதராபாத்தில் 10 ஹெக்டேருக்கு மேற்பட்ட ஏரிகளுக்கு முழுக் கொள்ளளவு மட்டத்திலிருந்து 30 மீட்டரும், சிறியவற்றுக்கு 9 மீட்டரும் விட வேண்டும் என்று 2012ஆம் ஆண்டின் கட்டட விதிகள் வகுத்தன. நகரில் எங்கே என்ன கட்டலாம் என்பதை வகுக்கும் பெங்களூருவின் பெருந்திட்டம் ஏரிக்கு 30 மீட்டர் என்றது. சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2016இல் அதை 75 மீட்டராக உயர்த்தியது. பெருந்திட்டத்தில் எழுதியிருப்பதைத் தீர்ப்பாயம் மாற்ற முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019 மார்ச்சில் அந்த உயர்வை நீக்கியது. இடைவெளி எவ்வளவு என்பது பெருந்திட்டத்திலும் கட்டட விதியிலும் எழுத்தாக இருக்க வேண்டும் என்பதே இதில் நமக்கான பாடம். ஏரியைக் காக்க நினைப்பவர்கள் வழக்கு மன்றத்துக்குச் செல்வதற்கு முன்பே, பெருந்திட்ட வரைவு மக்கள் கருத்துக்கு வைக்கப்படும் நாளில் மனு எழுதுவது அதிகப் பயன் தரும்.

எல்லை வரையறுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பள்ளிக்கரணை கண்முன் இருக்கும் சான்று. 2022இல் ராம்சார் தலமாக அறிவிக்கப்பட்ட அந்தச் சதுப்புநிலத்தின் எல்லையும், அதற்கு வெளியே அதன் நலனைப் பாதிக்கும் பகுதியான தாக்க மண்டலமும் களத்தில் தீர்மானிக்கப்படாத நிலையில், அவை முடியும்வரை ராம்சார் பரப்புக்குள்ளும் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் தொலைவுக்குள்ளும் கட்டுமான அனுமதி தரக் கூடாது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2025 செப்டம்பரில் உத்தரவிட்டது. எல்லைக்கோடு ஒன்றை உரிய காலத்தில் இழுக்காததற்கு, சதுப்புநிலமும் விலை கொடுத்தது, நேர்மையாக நிலம் வாங்கியவர்களும் விலை கொடுத்தார்கள்.

வாங்குபவர் பார்க்க வேண்டிய ஆவணங்களுக்கு வருவோம். பட்டாவும் வில்லங்கச் சான்றும் இருந்தால் போதும் என்ற நம்பிக்கை ஏரியோரத்தில் செல்லாது. பட்டா என்பது வருவாய்த் துறைப் பதிவு மட்டுமே. நீர்நிலைப் புறம்போக்கில் தவறாகத் தரப்பட்ட பட்டாவை ரத்து செய்ய முடியும். புல எண்ணுக்குரிய அ-பதிவேட்டு (கிராம நிலங்களின் விவரப் பதிவேடு) நகலை எடுத்து, நிலத்தின் வகைப்பாடு என்ன என்று பாருங்கள். அத்துடன், பழைய பதிவேட்டில் அதே நிலம் என்னவாக இருந்தது என்பதையும் வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டுப் பெறுங்கள். இன்று ‘புன்செய்’ என்றிருக்கும் இடம் முன்பு ‘ஏரி’, ‘ஓடை’, ‘வாய்க்கால்’ என்று இருந்திருக்கலாம். புலப்பட வரைபடத்தில் உங்கள் மனைக்கு ஊடாகவோ ஓரமாகவோ இரட்டைக் கோடு ஒன்று ஓடினால், அது வரத்து வாய்க்காலா என்று நில அளவரிடம் கேளுங்கள். வாய்க்கால் தூர்ந்துபோய்த் தரையில் அடையாளமே இல்லாமல் இருந்தாலும் வரைபடத்தில் அது உயிரோடு இருக்கும். ஐப்பசி மழையில் நீர் அந்தப் பழைய வழியைத்தான் தேடி வரும்.

ஏரியின் முழுக் கொள்ளளவு மட்டத்தையும் அளவை வரைபடத்தையும் நீர்வளத் துறையின் கோட்டச் செயற்பொறியாளர் அலுவலகத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். பதில் தர 30 நாள் அவகாசம் உண்டு. அனுமதியற்ற மனைகளை வரன்முறைப்படுத்த அரசு 2017இல் விதிகள் கொண்டுவந்தபோது, நீர்நிலைகளில் அமைந்த மனைகளை அதிலிருந்து விலக்கியே வைத்தது. ஆகவே ‘பிறகு வரன்முறைப்படுத்திக்கொள்ளலாம்’ என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

முறையான பட்டா நிலம் ஏரியோரத்தில் உள்ளவருக்கு உரிமைகளும் உண்டு. அவற்றை மதிக்காமல் ஏரியைக் காக்கவும் முடியாது என்பதால் இதையும் அதே அழுத்தத்தோடு சொல்ல வேண்டும். ஓர் ஈரநிலத்தை 2017 விதிகளின் கீழ் அறிவிக்கை செய்யும் முன், மாநில ஈரநில ஆணையம் அதற்கான சுருக்க ஆவணத்தில் அங்கு ஏற்கெனவே உள்ள உரிமைகளையும் பயன்பாடுகளையும் பதிவு செய்ய வேண்டும். வரைவு அறிவிக்கை வெளியானபின் 60 நாள்களுக்குள் யாரும் ஆட்சேபமோ கருத்தோ தெரிவிக்கலாம். ஆணையம் பரிந்துரைத்த நாளிலிருந்து 240 நாள்களுக்குள் இறுதி அறிவிக்கை வர வேண்டும். இந்த 60 நாளில் மனு கொடுக்காத நில உரிமையாளர் பின்னர் நீதிமன்றத்தில் பேசுவது கடினம். அதே 60 நாளில் ‘எங்கள் ஏரியின் நீர் இந்த மைல்கல் வரை நின்றது’ என்று படத்தோடு எழுதித் தராத ஊர்க்காரர், பிறகு கோடு தவறு என்று சொல்வதும் கடினம்.

கட்ட அனுமதி உள்ள நிலத்தில் எப்படிக் கட்டுவது என்பதில் சட்டம் அதிகம் பேசவில்லை. அதை உரிமையாளரின் கையில் விட்டிருக்கிறது. நீரின் பக்கம் கான்கிரீட் தடுப்புச்சுவர் எழுப்பினால் அலை அதில் மோதித் திரும்பிச் சுவரின் அடிமண்ணை அரிக்கும். ஆமையும் தவளையும் ஏறி வர வழி இருக்காது. கோரையும் புல்லும் இருந்த நிலையிலேயே ஒரு பட்டை நிலத்தை விட்டுவைத்தால் அது செலவில்லாமல் கரையைப் பிடித்துக்கொள்ளும். நிலத்தடி நீர் மேலாக நிற்கும் இவ்விடங்களில் கழிவுநீர்த் தொட்டியின் உறிஞ்சுகுழி மழைக்காலத்தில் உறிஞ்சாது. கழிவு நேராக ஏரிக்குப் போய் ஆகாயத்தாமரைக்கு உரமாகும். வீடு எங்கே வரும் என்று முடிவு செய்வதற்கு முன்பே, நீரிலிருந்து மிகத் தள்ளிய மூலையில், அடிப்பகுதியும் பக்கமும் பூசிய நீர்புகாத் தொட்டிக்கு இடம் ஒதுக்குவது நல்லது.

ஆக்கிரமிப்போ மண் கொட்டுவதோ நடந்தால் வட்டாட்சியருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் புல எண்ணுடனும் தேதி தெரியும் படங்களுடனும் மனு கொடுக்க வேண்டும். தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தை நாடுவதானால், அத்தீர்ப்பாயத்துக்கான 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14ஆம் பிரிவின்படி, வழக்குக்கான காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். போதிய காரணம் காட்டினால் மேலும் 60 நாள் வரை தீர்ப்பாயம் அனுமதிக்கலாம். முதல் லாரி மண் கொட்டிய தேதியை அன்றே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.